கடை மூடும் பௌர்ணமி

மலைக்குப் பின்பக்கம் டீக்கடை வைத்திருந்த என் அன்பு அப்பாவுக்கு,

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் குமரன். நான் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார், சொந்த ஊர் மகாபலிபுரம். கல்யாணமும் அங்கேதான், கடற்கரையை ஒட்டிய மண்டபத்தில். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். அவரை உங்களுக்குப் பிடித்திருக்கும். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். அதற்கு மட்டும் திட்டியிருப்பீர்கள்.

தேதியில்தான் சிக்கல். வரவேற்பு வைகாசிப் பௌர்ணமியன்று.

அடி அண்ணாமலையில் பௌர்ணமியன்று யாரும் விசேஷம் வைப்பதில்லை. மலையைச் சுற்ற அவ்வளவு ஜனமும் இங்கே வரும். கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதப் பிழைப்பே அந்த ராத்திரிதான். பஸ்ஸும் வேனும் இந்தப் பக்கம் வரும். இங்கிருந்து வெளியே போக ஒன்றும் கிடைக்காது.

பத்திரிகை மாதிரியைப் படித்ததும் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். உங்கள் இடத்தில் நின்று என்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர். தன் கடையோடு நம் கடையையும் இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"ஏம்மா, பௌர்ணமி அன்னிக்கு எவனாவது ரிசப்ஷன் வெப்பானா? ஊரே இங்க வருது, நாம எங்க போறது?"

"கடல்ல நிலா வர்றதப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம்னு அவங்க ஆசைப்பட்டாங்க, சித்தப்பா."

"அவங்களுக்குத் தெரியாது. நீ இந்த ஊர்ல பொறந்தவதானே? காலண்டரப் பாக்கல?"

"புத்தகத்தத் தவிர அவ வேற எதப் பாத்தா?" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

பார்த்தேன், அப்பா. தெரிந்தேதான் தலையாட்டினேன். குமரனின் அம்மா நிலாவைப் பற்றிப் பேசியபோது எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. நம் கடைக்குக் கிழக்கே மலை. மற்ற ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்ட பிறகுதான் நிலா நமக்கு எட்டிப்பார்க்கும். டீயை ஆற்றிக்கொண்டே சொல்வீர்கள்: "நமக்கு நிலாகூட லேட்டுதான். ஒரு பௌர்ணமிக்குக் கடைய மூடிட்டுக் கடலுக்குப் போலாம். அங்க மறைக்க ஒண்ணும் இருக்காது." எந்தப் பௌர்ணமிக்கு என்று கேட்டால், "அடுத்தது" என்பீர்கள்.

எத்தனை அடுத்தது போயிற்று? நிலா இல்லாத ஒரு நாளிலாவது நாம் ஏன் போகவில்லை? வெறும் கடல் போதாதா நமக்கு?

யாரிடமும் சொல்லாத இதை அன்று சொன்னேன். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன் எங்கிட்டயும் கேட்டுச்சு. ஒரு ராத்திரி ரெண்டு கடையயும் மூடலாம், வர்றியாடான்னு. பௌர்ணமிக்குக் கடைய மூடுற மொத ஆளு நீதான்னு சிரிச்சேன். நான் வரலன்னு அதுவும் போகல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "வரேம்மா. ரெண்டு கடைக்கும் பூட்டுதான். மத்தவங்கள இழுக்க முடியாது."

அவர் சொன்னபடியே ஆயிற்று. பெரியப்பா வீட்டில் மறுநாள் காலைக்கு முடிந்தால் பார்க்கிறோம் என்றார்கள். அத்தை பத்திரிகையை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வரவேற்பில் நம் பக்கத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஆவணிக்குத் தள்ளிவைக்கலாமா என்று குமரன் கேட்டார். வேண்டாம் என்றேன். உங்களுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உங்கள் ஜனங்களையே விட்டுவிட்டுப் போகிறேனோ? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். நீங்கள் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று ரவிக்கைத் துணியை மடித்துக்கொண்டே, "உப்புத்தண்ணி பட்டா பட்டுப் பொடவ வீணாயிடுமாடி?" என்று கேட்டாள்.

அன்று என்னை மேடையிலேயே நிற்கச் சொல்வார்கள். பொழுது சாயும்போது இறங்கிவிடுவேன். அம்மாவையும் சித்தப்பாவையும் கரைக்கு அழைத்துப்போய், நிலா தண்ணீரிலிருந்து முழுசாக வெளியே வரும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இது சத்தியம். அங்கே நிலா நேரத்துக்கு வந்துவிடும், அப்பா. நாம்தான் லேட்.

அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருந்த
உங்கள் மகள்,
செல்வி