மடிப்பு மலை

அன்புள்ள ஃபியாக்ரா,

நானும் அப்பாவும் நாற்பத்தொரு ஆடுகளும் இங்கே சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. நீ ஆஸ்திரேலியாவில், அந்தப் பெர்த்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சுரங்கத்துத் தூசி நெஞ்சில் இறங்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

இங்கே புதுச் சண்டை ஒன்று. நம் மலைக்குப் பெயர்ப்பலகை வைக்கக் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்தார். ஐரிஷில் ‘ஃபில்யா மலை’ என்று சரியாக எழுதிவிட்டு, கீழே ஆங்கிலத்தில் ‘மடிப்பு மலை’ என்று போட்டிருந்தார். அகராதியைப் பார்த்தாராம். அவர்மேல் தப்பில்லை, நம் பாஷையில் துணியை மடித்தாலும் ஃபில்யாதான், போனவன் வீடு திரும்பினாலும் ஃபில்யாதான். ஆனால் நம் கதை அகராதியில் ஏது? ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டக் கிளம்பியவன், மலை வளைவில் திரும்பி, தன் வீட்டுப் புகையைக் கண்டதும் கால் எழாமல், புகை பிடிக்கிற சுங்கானை மறந்துவிட்டேன் என்று ஒரு சாக்கோடு வந்து, எண்பது வயதுவரை வாசலைத் தாண்டவில்லையே. அதனால்தானே ஊரைவிட்டுப் போகிறவர்கள் அந்த வளைவில் வண்டியைவிட்டு இறங்கி ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறோம், பார்த்தவர் வருவார் என்று.

நீ பார்க்கவில்லை. ஆடு மேய்க்க நான் பிறக்கவில்லை என்று நீ சொல்ல, அப்படியானால் போ என்று அப்பா சொல்ல, ஆறு வருஷம் ஓடிவிட்டது. தொலைபேசியில் அப்பா எங்கே என்று நீ கேட்கும்போதெல்லாம் கொட்டகையில் என்று பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார், காதைத் தீட்டிக்கொண்டு. நீ போன அன்றும் கொட்டகைக்குப் பின்னால் நின்று உன் கார் வளைவைத் தாண்டும்வரை பார்த்தார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

அப்பாதான் அந்தக் கவுன்சில்காரரிடம் போய், யோவ், அது மடிப்பு இல்லய்யா, திரும்புறது, என்றார். வந்தவரும் சும்மா இராமல், இந்தக் காலத்துல யாருங்க திரும்பி வர்றாங்க, என்று சிரித்தார். அப்பா முகம் சிவந்துவிட்டது. எம் பையன் திரும்பிப் பாக்காமத்தான் போனான், அதுக்காக மலை பேரை மாத்திடுவியா, நாளைக்கு அவன் வந்தா எந்த மலைய அடையாளம் வச்சு வருவான், என்று கத்தியவர், தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் பலகையை வண்டியில் ஏற்றினார். திருத்திய பலகை ஜூலை கடைசி ஞாயிறு வருகிறது, நாம் மலையேறிப் பழம் பறிக்கிற அதே நாள்.

வா என்று எழுத மாட்டேன், எழுதினால் அம்மா நச்சரிக்கிறாள் என்பாய். உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியாயிற்று, அவ்வளவுதான். தொப்பியில்லாமல் வெயிலில் அலையாதே. கடவுள் உன்னைத் தன் உள்ளங்கையில் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
நோனா

பி.கு.: உன் அப்பாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன். எனக்கு எழுத வராது, கடுதாசிய நானே மடிச்சுத் தர்றேன், அவனுக்குப் புரியும், என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.