பட்டியலில் இப்போது இல்லாத அந்தச் சின்ன டிரைவ்

அக்கா,

இன்று காலை டயாலிசிஸ் மையத்தில் ஊசி குத்தி முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். ஃபைல் மேனேஜரின் இடப்பக்கப் பட்டியலைப் பார்த்தேன். ஆவணங்கள், படங்கள், பாடல்கள், குப்பைத்தொட்டி. அவ்வளவுதான். ‘பூட்’ என்ற பெயரோடு நம் இருவரையும் ஏழு மாதம் அலைக்கழித்த அந்தச் சின்ன டிரைவ் அங்கே இல்லை. அது அழிந்து போகவில்லை. கணினிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. அது ஏன் நம் கண்ணில் பட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் பழகியது முழுக்க அந்த இரண்டு நாற்காலிகளில்தான். நீங்கள் ஈப்போவில் தபால் நிலையக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றவள். வெளியே சந்தித்திருந்தால் ஒரு வணக்கத்தோடு போயிருப்போம். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப் போட்டதால் பேசினோம். உங்களுக்கு ஊசி வலக்கையில், எனக்கு இடக்கையில். நடுவில் சக்கர மேசை, அதன் மேல் யாரோ மையத்துக்குக் கொடுத்த பழைய மடிக்கணினி. என் வலக்கை ஒரு பாதி எழுத்துகளைத் தட்டும், உங்கள் இடக்கை மறுபாதியை. ஒரு கடிதம் அடிக்க நாம் பட்ட பாட்டைப் பார்த்துத் தாதிகள் சிரிப்பார்கள்.

அந்தக் கணினியின் சொந்த டிஸ்க் கெட்டுப்போனதால், ஒரு தொண்டர் வெளியிலிருந்து சின்ன டிஸ்க் ஒன்றைச் செருகி, மூடியின் பின்னால் டேப் போட்டு ஒட்டி, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்திருந்தார். அதன் பிறகுதான் ‘பூட்’ பட்டியலில் வந்து உட்கார்ந்தது. யாரோ ஒருவர் அதைத் திறந்து, உள்ளே புரியாத பெயர்களைப் பார்த்து, குப்பை என்று அழித்துவிட்டார். மறுநாள் கணினி எழவே இல்லை. தொண்டர் வந்து சரி செய்தார். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. அப்போது தொண்டர் ஊரில் இல்லாததால் கடைக்காரர் ஒருவரை அழைத்தார்கள். அவர் வேலையை முடித்ததும், அந்த டிரைவ் ஏன் இங்கே தெரிகிறது என்று நீங்கள் கேட்டீர்கள்.

“ஆன்ட்டி, அதெல்லாம் உங்களுக்கு விளங்காது லா,” என்றார் அவர்.

“விளங்கப்படுத்திப் பாரும் தம்பி,” என்றீர்கள் நீங்கள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தொழிற்சாலையில் அந்த மாதிரிப் பேச்சை எத்தனையோ தடவை வாங்கியவள் நான். விடுங்க அக்கா, தொடாம இருந்தா போதும் என்றேன். நீங்கள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “என்னெண்டு தெரியாமல் தொடாதேயும். தெரியாமலே விடவும் விடாதேயும்.”

அன்றே முதல் வேலையாக அந்த டிரைவில் இருந்த எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்தோம். பிறகு படிக்க ஆரம்பித்தோம். நீங்கள் கைப்பேசியில் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்வீர்கள், நான் திருப்பிக் கேட்பேன். கணினி விழிப்பதற்குத் தேவையான முதல் கட்டளைகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அப்படியானால் அதை ஏன் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்? அங்கேதான் பல மாதம் முட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன வகை என்று ஒரு குறி எழுதப்பட்டிருக்கும், காட்டுவதா மறைப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவாகிறது என்று வாசித்தீர்கள். அதற்குள் உங்கள் நேரம் முடிந்து ஊசியைக் கழற்ற வந்துவிட்டார்கள். “திங்கட்கிழமை பார்ப்பம்,” என்றீர்கள்.

திங்கட்கிழமை உங்கள் நாற்காலியில் புது விரிப்பு போட்டிருந்தது. ஞாயிறு காலை மாரடைப்பு என்று சிஸ்டர் சொன்னார். அன்று நான்கு மணி நேரமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, என்னோடு ஒரே வேனில் வரும் சவரிமுத்து அண்ணன் அதே தவற்றைச் செய்தார். அவருடைய மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், குழந்தை பிறந்து பத்து நாள். அண்ணனிடம் இருப்பது பட்டன் போன். பேரப்பிள்ளையின் முகத்தை அவர் பார்ப்பது இந்தக் கணினியில் மட்டும்தான். குழந்தையின் படங்களுக்கு இடம் வேண்டுமே என்று, ‘பூட்’டில் இருந்ததைக் குப்பை என்று கூட்டித் தள்ளினாராம்.

“நல்லதுன்னு நெனச்சு செஞ்சேன் தங்கச்சி,” என்றார்.

இனிமேல் இந்தக் கணினி ஸ்டோருக்குத்தான் போகும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, மூன்றாவது தடவை. நான் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி என்று கேட்டார். “பாதி தெரியும் சிஸ்டர். மீதியை இன்னிக்குத் தெரிஞ்சுக்குவேன்,” என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

தொண்டர் விட்டுப்போன, லினக்ஸ் இருக்கும் பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியை எழுப்பினேன். நாம் எடுத்து வைத்த நகலை ‘பூட்’ பகுதிக்குள் திரும்பப் போட்டேன். கட்டளையில் பெரிய எழுத்து அடிக்க ஷிஃப்டை அழுத்த உங்கள் கை இல்லை, அக்கா. கண்ணாடிக் கூட்டின் முனையால் அழுத்தினேன். பிறகு டிஸ்க்குகளைக் காட்டும் செயலியைத் திறந்து, அந்தச் சின்னப் பகுதியைத் தொட்டு, வகை என்ற இடத்தைப் பார்த்தேன்.

‘சாதாரணத் தரவு’ என்று இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். அந்தத் தொண்டர் கையாலேயே பகுதிகளைப் பிரித்தபோது, கணினியை எழுப்பும் பகுதி என்று குறிக்காமல், படமும் பாட்டும் வைக்கும் பகுதி மாதிரி விட்டுவிட்டார். ஃபைல் மேனேஜரும் அதை நம்பி எல்லாருக்கும் திறந்து காட்டியது. வெளியில் செருகிய டிஸ்க் என்பதால் கடவுச்சொல்லும் கேட்கவில்லை. வைரஸும் இல்லை, குப்பையும் இல்லை, நம் மூளைக்கு எட்டாத எதுவும் இல்லை. நான் நீளமான பட்டியலில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து, எழுப்பும் பகுதிக்கு உரியது என்று நீங்கள் அன்று வாசித்த வகைப் பெயரைக் கண்டுபிடித்து, வகையை மாற்றினேன். பென்டிரைவைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி எழுப்பினேன். எழுந்தது. பட்டியலில் ‘பூட்’ இல்லை.

நான் போட்ட சத்தத்தில் என் இயந்திரத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இரண்டு தாதிகள் ஓடி வந்தார்கள். சிஸ்டர் ஏன், எப்படி என்று கேட்டார். முழுவதையும் விளக்கினேன், இரண்டு தடவை. அரை மணி நேரத்தில் அண்ணன் திரையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொட்டாவி விட்டது. “எங்கப்பா மாதிரியே இருக்கான்,” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இப்போது மையத்துக்கு இன்னொரு பழைய கணினி வந்திருக்கிறது. அதற்கு லினக்ஸ் ஏற்றியது நான்தான், அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு வருடமாக மடித்துக் கைப்பையில் வைப்பதோடு சரி. போன மாதம் டாக்டர் முன்னால் அதை விரித்து, பாஸ்பேட் மட்டும் ஏன் எப்போதும் கூடுதலாகவே இருக்கிறது என்று கேட்டேன். அதைக் குறைக்கும் மாத்திரையை எப்போது போடுகிறேன் என்று திருப்பிக் கேட்டார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் அது வேலை செய்யுமாம். இந்த மாதம் எண் இறங்கியிருக்கிறது. அடுத்த தடவை கேட்க இன்னும் மூன்று கேள்விகளைத் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.