கடலில் இருக்கிற டாலர்

12 பிப்ரவரி 2009, வியாழன்

கடைச் சொந்தக்காரர் ராக்கப்பன் அண்ணன் இன்று கடைக்கே வந்துவிட்டார். கோம்பையிலிருந்து பஸ் ஏறி வேர்த்து விறுவிறுத்து வந்த மனுஷனுக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தால், வாயைத் துடைத்துக்கொண்டு குண்டைத் தூக்கிப் போடுகிறார். "சொர்ணலதா, இந்தக் கடையை வித்துரலாம்னு இருக்கேன். மக கல்யாணம். ஏழரை லட்சம். பதினாலு வருசமா இங்கன இருக்க, அதான் உன்கிட்ட முதல்ல சொல்றேன். ஜூன் முடியுறதுக்குள்ள பத்திரம் முடிக்கணும். இல்லைன்னா செல்போன் ஷோரூம்காரக கேட்டுக்கிட்டே இருக்காக."

போடி பஜாரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வாடகை இடம். இதற்குள்தான் பதினான்கு வருஷமாக ஏலக்காயை வாங்கி, சலித்து, தரம் பிரித்து விற்கிறேன். இங்கே செல்போன் விற்பானாம்! எனக்கு வந்த கோபத்தில், "நானே வாங்கிக்கிறேன்ணே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் நாகராஜுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. மாதாமாதம் வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வரும். மிச்சச் சம்பளம் ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போதுதான். ஜூனில் இறங்குகிறார். பதினைந்தாயிரம் டாலர். பேப்பரில் டாலர் நாற்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு. ஏழு லட்சத்து இருபத்தொன்பதாயிரம்தான் ஆகிறது. டாலர் ஐம்பதைத் தொட்டால் சரியாக ஏழரை.

தொடுமா? யாரைக் கேட்பது?

16 பிப்ரவரி, திங்கள்

எதிர்த்த மாடியில் இருக்கிற ஷேர் ஆபீஸ் படியை இன்றுதான் முதன்முதலாக ஏறினேன். பஜார் ஆம்பளைகள் பாதிப்பேர் அங்கேதான் கம்ப்யூட்டரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் கறி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

அங்கே வேலை பார்க்கிற ஏஞ்சல், இருபத்துநாலு வயசுப் பிள்ளை, விவரமாகச் சொன்னாள். டாலர் விலைக்கும் போன ஆகஸ்டிலிருந்து சந்தை நடக்கிறதாம். என்னைப் போன்றவர்களும் போகலாமாம். ஒரு லாட் என்றால் ஆயிரம் டாலர். முழுப் பணம் கட்ட வேண்டாம், லாட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு மார்ஜின் என்று முன்பணம் கட்டினால் போதும். டாலரை யாரும் கையில் தருவதுமில்லை, வாங்குவதுமில்லை. விலை ஏறியதும் இறங்கியதும் மட்டும் தினமும் சாயங்காலம் நம் கணக்கில் ரூபாயாகச் சேரும், அல்லது கழியும்.

"நீங்க டாலர் வரப்போறவுகக்கா. ஜூன் மாசத்துக்கு இப்பவே பதினஞ்சு லாட் வித்து வச்சுருங்க. அப்புறம் டாலர் என்ன கூத்து அடிச்சாலும் உங்க விலை உங்களுக்கு" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஏத்தா, கையில இல்லாத சரக்கை விக்கச் சொல்றியா? பஜார்ல அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

தெரியாதாம். எனக்குத் தெரியும். ஆறு வருஷம் முன்னால் ஒருத்தன் குடோனில் இல்லாத காயை மூன்று பேருக்கு விற்றுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குமுளி எல்லை தாண்டி ஓடிவிட்டான். இன்றைக்கும் அவன் பேரைச் சொல்லித் துப்புகிறார்கள். நான் அந்த ஜாதி இல்லை.

25 பிப்ரவரி, புதன்

கணக்குத் திறந்தாயிற்று. விற்கவில்லை. வாங்கினேன்! ஜூன் டாலர், ஐந்து லாட், ஐம்பதேகால். பத்திரச் செலவுக்கென்று எடுத்து வைத்த சீட்டுப் பணத்தில்தான் மார்ஜின். ஏறும் என்று பஜாரே பேசுகிறது. வாங்கி வைத்தவன் கெட்டதாக இந்த ஊரில் சரித்திரம் இல்லை.

ஏஞ்சல் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "போடுத்தா" என்றேன். போட்டாள்.

4 மார்ச், புதன்

ஐயோ, ஐயோ! ஐம்பத்திரண்டேகால்! ஐந்து லாட்டில் பத்தாயிரம் ரூபாய் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏலக்காயில் பத்தாயிரம் பார்க்க எத்தனை மூட்டை சலிக்க வேண்டும்! கடைப்பிள்ளைகள் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

"அக்கா, கெஞ்சிக் கேக்குறேன். இன்னைக்கு இந்த விலைக்கு வித்துட்டா ஏழு லட்சத்து எம்பதாயிரத்துக்கு மேல கட்டி வச்ச மாதிரி" என்றாள் ஏஞ்சல். சின்னப் பிள்ளை, பயந்த சுபாவம். இன்னும் பத்து லாட் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

8 மார்ச், ஞாயிறு

துறைமுகத்திலிருந்து அவர் போன். கடை வாங்கப் போவதைச் சொன்னேன், டாலர் விளையாட்டைச் சொல்லவில்லை. வந்து ஆச்சரியப்படட்டும்.

24 மார்ச், செவ்வாய்

இறங்குகிறது. பத்து லாட்டில் மட்டும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு போச்சு. ஏஞ்சல் போன் போட்டு மார்ஜின் குறைகிறது, பணம் கட்டுங்கள் என்கிறாள்.

"ஏத்தா, இருப்பு கெட்டா போகுது? விலை வர்ற வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றேன்.

"அக்கா, இது மூட்டை இல்ல. ஜூன் கடைசியில கணக்கு முடிஞ்சுரும். அதுக்கு முன்னாடி தினமும் கழியுற காசுக்கு நீங்கதான் பணம் கட்டணும்."

இரண்டு வளையலை அடகு வைத்து இருபதாயிரம் வாங்கினேன். இடது கை வெறிச்சென்று இருக்கிறது. கண்ணாடி வளையல் போட்டு மறைத்திருக்கிறேன். யாரிடம் மறைக்கிறேன்? அவரோ நடுக்கடலில் இருக்கிறார்!

9 ஏப்ரல், வியாழன்

நாற்பத்தொன்பது தொண்ணூறு. பேப்பரைப் பிரிக்கவே பிடிக்கவில்லை. நாளைக்குச் சந்தை லீவாம். கும்பிடத் தோன்றியது.

22 ஏப்ரல், புதன்

இன்று எனக்குப் புத்தி வந்த நாள். செருப்பால் அடித்தது மாதிரி வந்தது.

மலைத்தோட்டத்துப் பேச்சிமுத்து அண்ணன் வழக்கம்போலக் கோடை மழைக்கு முன்னால் இறங்கி வந்தார். ஆவணிக் காய்க்கு விலை பேச. வருஷா வருஷம் செய்வதுதான். காய் இன்னும் செடியில் பிஞ்சுகூடப் பிடித்திருக்காது. விலை பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு போவார். ஆவணியில் சொன்ன விலைக்குச் சொன்ன காயைக் கொண்டுவந்து இறக்குவார். விலை ஏறினாலும் முகம் சுளிக்க மாட்டார்.

இன்றைக்கு இருந்த எரிச்சலில் கேட்டேன். "ஏண்ணே, இன்னும் காய்க்காத காயை விக்கிறீகளே, ஆவணியில விலை ஏறிருச்சுன்னா வயிறு எரியாதா?"

சிரித்தார். "எரியத்தான் செய்யும் ஆத்தா. ஆனா விலை இறங்குன வருசம் நிம்மதியாத் தூங்குறேன்ல? எனக்குக் கூலி குடுக்க, மருந்து அடிக்க இம்புட்டு வேணும்னு தெரியும். அது கிடைச்சாப் போதும். மேல ஏறுறது உன் பாடு."

பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். செடியில் இருக்கிற காயை விற்கிறாரே, இவரை நான் என்றைக்காவது ஏமாற்றுக்காரர் என்று சொல்லியிருக்கிறேனா? குமுளி தாண்டினவனிடம் செடியே இல்லை. இவரிடம் செடி இருக்கிறது. எனக்கும் செடி இருக்கிறதே! கடலில், இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டு, பதினைந்தாயிரம் டாலர் விளைந்துகொண்டுதானே இருக்கிறது? அதை விற்றால் எப்படி இல்லாத சரக்கு ஆகும்?

அது போக, நான் செய்திருக்கிற காரியம் என்ன? ஏற்கெனவே பதினைந்து மூட்டை வரப்போகிறவள், அதே சரக்கில் இன்னும் பதினைந்து மூட்டை வாங்கி அடுக்கியிருக்கிறேன். ஏறினால் இரட்டை லாபம், சரி. இறங்கினால்? கடைதான் போகும். பதினான்கு வருஷம் வியாபாரம் பார்த்தவளுக்கு இது தெரியவில்லை! அடி பைத்தியக்காரி!

முன்பணத்தைக் கொடுத்து முடித்த கையோடு மாடி ஏறினேன். "முப்பது லாட் வித்துரு" என்றேன். "பதினஞ்சு நான் வாங்குனதைக் கழிக்க. பதினஞ்சு என் வீட்டுக்காரர் டாலருக்கு." ஏஞ்சல் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள்.

ஐம்பது ரூபாய் ஐம்பது காசு. வாங்கி விளையாடியதில் நஷ்டம் பதினாறாயிரத்து இருநூற்றைம்பது. அது படிப்புச் செலவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள்.

29 ஏப்ரல், புதன்

இரண்டு நாளாக டாலர் ஏறுகிறது. விற்றவள் ஆனதால் இப்போது கணக்கில் கழிகிறது. பிறகு யோசித்தேன். இங்கே கழிகிற காசு, கடலில் இருக்கிற டாலரில் அப்படியே ஏறத்தானே செய்கிறது? ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போடுகிற மாதிரிதான்.

இருந்தாலும் வயிறு கொஞ்சம் எரிந்தது. பொய் எழுதக் கூடாது.

10 மே, ஞாயிறு

வீரபாண்டித் திருவிழா. நானும் ஏஞ்சலும் சேர்ந்து போனோம். அவள் சர்ச் முடித்துவிட்டு நேராக வந்து ராட்டினத்தில் ஏறிக்கொண்டாள். "என்னக்கா, ஆத்தாகிட்ட டாலர் ஏறணும்னு வேண்டுனீகளா, இறங்கணும்னா?" என்று கேட்டாள். நெஜமாகவே யோசித்துப் பார்த்தேன். எதுவும் வேண்டத் தோன்றவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக டாலரை மறந்து சாமி கும்பிட்டிருக்கிறேன். மிளகாய் பஜ்ஜி நாலு தின்றேன். ஏஞ்சல் ஆறு.

18 மே, திங்கள்

சனிக்கிழமை தேர்தல் முடிவு வந்தது. இன்றைக்குச் சந்தை திறந்ததும் ஷேர் எல்லாம் வானத்துக்குப் போய்விட்டது. டாலர் தடால். ஒரே நாளில் ஒரு ரூபாய்க்கு மேல் விழுந்து நாற்பத்தெட்டுக்கும் கீழே.

சாயங்காலம் அவர் போன். குரலே சரியில்லை. "சொர்ணம், டாலர் விழுந்துருச்சாமே. கப்பல்ல எல்லாரும் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். கடை... விட்டுருவோமா? ராக்கப்பன் அண்ணன்கிட்ட நான் பேசவா?"

பத்து மாதம் அந்தச் சூட்டில் நின்ற மனுஷன்.

"நீங்க பத்திரமா வந்து சேருங்க. விலையெல்லாம் ஏப்ரல்லயே பேசியாச்சு" என்றேன்.

"யாருகிட்ட?"

"வாங்க, சொல்றேன்."

6 ஜூன், சனி

வந்துவிட்டார். இளைத்து, கறுத்து, தாடியோடு. பெட்டியைக்கூட வைக்கவில்லை, என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "வளையல் எங்க?" என்றார். கடல் கடந்து வந்த கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்!

எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கியது, ஆடியது, வளையல் போனது, பேச்சிமுத்து அண்ணன் வந்தது, விற்றது. ஒரு மணி நேரம். திட்டுவார் என்று நானும் வாய்ச்சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

கடைசியில் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "அடிப்பாவி, நான் அங்கன கடல்ல கிடக்கேன், நீ இங்கன உக்காந்து என் சம்பளத்தை வித்துட்டியா?"

"பாதிக் காலம் வாங்குனேன். அதுதான் தப்பு" என்றேன்.

10 ஜூன், புதன்

கப்பல் பணம் பேங்குக்கு வந்தது. டாலருக்கு நாற்பத்தேழு ரூபாய் பத்து காசு கொடுத்தார்கள். ஏழு லட்சத்து ஆறாயிரத்து ஐந்நூறு. இதை மட்டும் நம்பியிருந்தால் இன்றைக்கு ஷோரூம்காரனுக்கு வெற்றிலை பாக்கு வைத்திருப்பார்கள்.

நேராக ஏஞ்சலிடம் போய் ஒப்பந்தத்தை முடித்தோம். ஐம்பதரைக்கு விற்றதை நாற்பத்தேழரைக்குத் திருப்பி வாங்கியாயிற்று. லாட்டுக்கு மூவாயிரம், பதினைந்து லாட், நாற்பத்தைந்தாயிரம். இரண்டையும் கூட்டினால் ஏழு லட்சத்து ஐம்பத்தொன்றாயிரத்து ஐந்நூறு. அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். நான் கூட்டவே இல்லை.

கீழே இறங்கும்போது படியில் ஒரு பஜார்க்காரர் மறித்தார். "என்ன தங்கச்சி, டாலர்ல அடிச்சிட்ட போல? இனி ஏறுமா, இறங்குமா?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்? தெரியாமத்தானே வித்தேன்" என்றேன். நம்பவில்லை. ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

29 ஜூன், திங்கள்

பத்திரம் முடிந்தது. ராக்கப்பன் அண்ணன் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துரணும்" என்றார்.

பத்திரம் எழுதுகிறவர், "யார் பேர்ல?" என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். பணம் அவருடையது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் முந்திக்கொண்டார்.

"சொர்ணலதான்னு எழுதுங்க. நான் டாலர் சம்பாதிக்கத்தான் செஞ்சேன். அதைக் கடையாக்குனது அவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும். "பேனா மை கண்ணுல பட்டுருச்சு" என்று சமாளித்தேன். நான் பேனாவையே தொடவில்லை என்று எழுதுகிறவர் மனசுக்குள் நினைத்திருப்பார்.

1 ஜூலை, புதன்

காலையில் கடை திறந்ததும் பழக்க தோஷத்தில் வாடகைப் பணத்தை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, டிராயரில் தனியாக வைத்துவிட்டேன். மத்தியானம் வரை யாரும் வந்து கேட்கவில்லை. என்ன இன்றைக்கு லேட்டாகிறது என்று தெருவைக்கூட எட்டிப் பார்த்தேன்.