தொண்ணூற்றொரு லட்டும் வட்டத் தாம்பாளமும்

மயிலாப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மகன் வத்சாவுக்கு, அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹம்சா சித்தியின் நிச்சயதார்த்தம் இன்று அசோக் நகரில் நடந்தது. நல்லபடியாக என்று எழுத ஆசைதான். பிள்ளை வீட்டார் நூற்றொரு லட்டைக் கோபுரமாக அடுக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள், எப்படி அடுக்குவது என்று உன்னைக் கேட்டேன் அல்லவா? நூற்றொன்று கூராக முடியாதும்மா, தொண்ணூற்றொன்றுதான் முடியும், அடியில் ஆறுக்கு ஆறு, அதன் குழிகளில் ஐந்துக்கு ஐந்து, இப்படியே ஏறினால் உச்சியில் ஒன்று, ஒற்றைப்படையாகவும் இருக்கும் என்றாய். நானும் பி.எஸ்ஸி. படித்தவள்தானே, கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. பிள்ளை வீட்டாரிடம் மன்றாடிச் சம்மதமும் வாங்கினேன். நம் பித்தளைத் தாம்பாளம் வட்டம் என்பது நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சதுரமாக அடுக்கினால் நாலு மூலை லட்டும் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தன. கிச்சா மாமா, "நிக்கும்க்கா, நீ பேசாம இரு" என்றான். மண்டப வாசலில் அவன் தட்டைத் தூக்கியதும் ஒரு மூலை நழுவி, அதன் மேல் இருந்தவையெல்லாம் பின்னாலேயே சரிந்து, மாப்பிள்ளையின் அத்தை சூடாமணி மாமியின் காலடி வரை உருண்டன. "பொண்ணுக்கு முன்னாடி லட்டு வந்து நமஸ்காரம் பண்றதே!" என்றார் மாமி. எல்லாரும் சிரித்தார்கள், ஹம்சா மட்டும் தலை நிமிரவில்லை.

மத்தியானம் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னால், "தட்டு வட்டம்னு நீ சொல்லவே இல்லையேம்மா, சொல்லாததை நான் எப்படிக் கணக்குல சேர்ப்பேன்?" என்று வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை. உன் ரூம்மேட் ராகேஷைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, ஒரே ஒரு பேப்பர்தான் போச்சு, சொந்தக்காரங்க கேப்பாங்கன்னுதான் கல்யாணத்துக்கு வரமாட்டேங்கறான்" என்று அந்தப் பிள்ளை கொட்டிவிட்டான். ப்ராஜெக்ட் இருக்கிறது என்றாயே வத்சா, அதை நம்பி ஹம்சாவை நான்தானே சமாதானப்படுத்தினேன்? சொல்லாததை நான் மட்டும் எப்படிக் கணக்கில் சேர்ப்பதாம்? பேப்பர் போனதில் எனக்குக் கோபமில்லை, திரும்ப எழுதிக்கொள்ளலாம். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று நீ இத்தனை நாள் சொன்னதில் எது நிஜம் என்றுதான் தெரியவில்லை.

ஹம்சாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "அவனை வரச் சொல்லுக்கா. கல்யாணத்துக்கும் அவனே அடுக்கட்டும். சரிஞ்சா சரியட்டும்" என்றாள். யாராவது மார்க் கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

கபாலீஸ்வரர் துணையிருந்து நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும். நாளைக்கே டிக்கெட் போடு. உனக்கு ஜிப்பா தைக்கக் கொடுக்கவேண்டும், தோள் அளவு எடுத்து அனுப்பு. உள்ளதை உள்ளபடி எழுது, இளைத்திருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா