தண்ணி விழுதா, மதினி?

என் அன்பான மதினி,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அதனால் ஆனி மாதம் பிறந்தால் சொந்தபந்தமெல்லாம் உங்களிடம் கேட்கும் கேள்வியையே நானும் கேட்டுவிடுகிறேன். அங்கே தண்ணீர் விழுகிறதா?

இங்கே குற்றால அருவியில் விழுகிறது. சாரல் தொடங்கி ஒரு வாரமாகிறது. மாடியில் நின்றால் மலை இருக்கும் இடமே தெரியவில்லை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, தென்காசி முழுக்க வெளியூர் வண்டிகள், குற்றாலம் ரோட்டில் எருமை மாடு கூட நம்மை முந்திக்கொண்டு போகிறது. நீங்கள் தை மாதம் போனீர்கள். இது நீங்கள் இல்லாத முதல் சீசன். உட்கார்ந்து அழுது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. ஊரில் பாதிப்பேர் மேல் எரிச்சல், அண்ணன் மேல் எரிச்சல், கொஞ்சம் உங்கள் மேலும்.

எல்லாம் நம் பயணத்தால் வந்த எரிச்சல்.

அதை நீங்கள் ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதே மாதிரி ஒரு சாரல் நாள். கொடியில் துணியைப் போடுவதும், தூறினால் எடுப்பதும், வெயில் வந்தால் மறுபடி போடுவதுமாக நாம் இருவரும் அலுத்துப்போயிருந்தோம். நீங்கள் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி மலையைப் பார்த்துச் சொன்னீர்கள்: “ஏட்டி செண்பகம், நமக்கு வாரது மிச்ச மழைதான் பாத்துக்கோ. அந்தப் பக்கம் மலையாளத்துல கொட்டித் தீத்துட்டு, கைய நனைச்சவ உதறுத மாதிரி நமக்குக் கொஞ்சம் உதறிட்டுப் போவுது. அங்கன போயி முழு மழையில ஒரு தடவ நிக்கணும்.”

இலத்தூரில் பிறந்தவர் நீங்கள். சிறுபிள்ளையிலிருந்தே மேகம் கணவாயைத் தாண்டி வருவதைப் பார்த்து வளர்ந்தவர். அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் போய்ப் பார்த்ததில்லை.

அன்றைக்கே திட்டம் போட்டோம். தென்காசியில் மத்தியான ரயில் ஏறுவது. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை என்று மலையைக் குடைந்து போகிற அந்த ரயிலில் ஜன்னல் ஓரம். ராத்திரி புனலூரில் சின்னதாக ஒரு ரூம். காலையில் கேரள அரசு பஸ்ஸில் முண்டக்கயம் வழியாகக் குட்டிக்கானம், வாகமண். வாகமணில் முழு மழை. பிறகு குமுளி வந்து, கம்பம் இறங்கி, ராஜபாளையம் வழியாக வீடு. தோளில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. கண்ட இடத்தில் பால் விடாத கட்டன் சாயா, பசித்தால் புட்டும் கடலையும். வேன் கிடையாது, சமையல் சாமான் கிடையாது, கூட வேறு ஆள் கிடையாது. இதற்குப் பெரிய செலவும் இல்லை, பெரிய யோசனையும் தேவையில்லை. உலகத்தில் இதைவிடச் சுலபமான காரியம் உண்டா, மதினி?

ஆனால் முழு மழை ஆனியிலும் ஆடியிலும்தான் பெய்யும். அந்த இரண்டு மாதம்தான் நம் வீடு சத்திரமாக மாறும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களின் தலையெழுத்து இது. நமக்கு உலகமெல்லாம் சொந்தம், அதுவும் சீசனில் மட்டும். வருகிறவர்கள் முதலில் உங்களுக்குத்தான் போன் போடுவார்கள். நீங்களும் ஒரு தடவையாவது தண்ணீர் இல்லை என்று சொன்னதுண்டா? இந்த ஊரில் எல்லா வீட்டிலும் சொல்கிற சாதாரணப் பொய்தானே அது. நீங்களோ காய்கறி வாங்கப் போகிற சாக்கில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மெயின் அருவியில பாதுகாப்பு ஆர்ச்சத் தாண்டி விழுது, ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் விழுது, தாராளமா வாங்க” என்பீர்கள். வானிலை ஆபீஸ் கூட இவ்வளவு நேர்மையாக இருக்காது.

வந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அசுரப் பசியோடு திரும்புவார்கள். நீங்கள் தோசைக்கல்லின் முன்னால் நிற்பீர்கள். நான் பத்திரம் எழுதுபவர் ஆபீசில் டைப் அடித்துவிட்டு வந்து, அடுத்த வேளைக்கு மாவாட்டுவேன்.

அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. யாரும் வராத ஒரு வாரம் தப்பித்தவறி நமக்குக் கிடைத்தது. பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டோம். கையில் டிக்கெட் கூட இருந்தது. ரயில் வந்து நின்றது. நாம் ஏற வேண்டிய அதே பெட்டியிலிருந்து விருதுநகர்ச் சித்தி இறங்கினாள், பின்னாலேயே அவள் குடும்பம். நம்மைப் பார்த்ததும் சித்திக்கு முகமெல்லாம் பல். “எங்களக் கூப்பிடவா இம்புட்டு தூரம் வந்திய? பையெல்லாம் எதுக்கு?” என்றாள். நீங்கள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “உங்க சாமானத் தூக்கத்தான் சித்தி” என்றீர்கள். தண்ணீர் விஷயத்தில் பொய்யே சொல்லாத வாய், வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னது, அதுவும் நமக்கு எதிராக. ரயில் நம்மை விட்டுவிட்டுப் போனது. சித்தியின் முறுக்கு டின்னை நான் சுமந்துகொண்டு வந்தேன்.

அந்தப் பை ஞாபகம் இருக்கிறதா? ரத வீதியில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வாங்கியது. பெரியவர்களுக்கான பை விலை ஜாஸ்தி என்று, பட்டாம்பூச்சி படம் போட்ட பிள்ளைகள் பையைப் பேரம் பேசி வாங்கினீர்கள். அது கடைசியில் போன ஒரே பயணம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு. உங்கள் மாற்றுச் சேலையும் ஃபிளாஸ்க்கும் அதில்தான் வந்தன. கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். “ஆனிக்குள்ள எந்திரிச்சிருவேன் ஏட்டி. பையத் துவைச்சு வையி” என்றீர்கள். துவைத்தேன். உங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியும் வைத்தேன்.

இந்த ஆனியில் போயே தீருவது என்று முடிவு செய்தேன். தனியாகத்தான். உங்கள் மகள் கவிதா பெங்களூரிலிருந்தபடியே எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்றாள். எந்த பஸ் எப்போது, வாகமணில் பெண்கள் மட்டும் தங்குகிற விடுதி எது, அட்டை கடித்தால் என்ன செய்வது என்று பாவம், ஒன்று விடாமல் தேடினாள். தேடியதையெல்லாம் எனக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டாள்.

அதோடு முடிந்தது கதை. அரை மணி நேரத்தில் நம் பயணத்துக்கு ஒரு வேன் வந்துவிட்டது. ஒருவர் ஆரியங்காவு கோயிலைச் சேர்த்தார், இன்னொருவர் குளத்துப்புழையையும் அச்சன்கோவிலையும் சேர்த்தார். சமையலுக்குப் புளியங்குடியில் ஒரு ஆள் இருக்கிறார், எலுமிச்சை ஊறுகாயும் அவரே கொண்டு வருவார் என்று எழுதினார் ஒருவர். பேரப்பிள்ளைகளுக்கு மழை ஆகாது, அதனால் மழையில்லாத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை வந்தது. மழையைப் பார்க்கப் போகிற பயணத்தை, மதினி, மழை இல்லாத மாதத்தில். அதற்குப் பதினாறு கட்டைவிரல்.

ஆபீஸ் முதலாளியிடம் லீவு கேட்டேன். “சீசனுக்கு அவனவன் இந்த ஊருக்கு வாரான், நீ என்னம்மா இங்கயிருந்து வெளிய போற?” என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். வாகமண் விடுதிக்குப் போன் செய்தேன். எத்தனை பேர் என்றார்கள். ஒருத்தி என்றேன். ஒருத்தியா என்று திரும்பக் கேட்டார்கள். பிறகு, சேச்சிக்கு ஏதாவது பிரச்சினையா, வீட்டில் சண்டையா என்று மெதுவாக விசாரித்தார்கள். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி மழை பார்க்கப் போகிறாள் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வருகிறது?

எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தியின் குரல் பதிவு வந்தது. “ஒரு சாவு விழுந்த வீட்டுல ஒரு வருசத்துக்கு மலை ஏறக் கூடாதுட்டி. பஸ்ல போனாலும் மலை மலைதான்” என்றாள். வேன், கோயில், ஊறுகாய் எல்லாம் அத்தோடு நின்றது. அது ஒன்றுதான் லாபம். ஆனால் அண்ணனும் அதைப் பிடித்துக்கொண்டான். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவன், எந்தச் சட்டம் என்றாலும் அவனுக்குச் சட்டம்தான். “வருசம் திரும்பட்டும் செண்பகம். ஊரு வாயில விழாண்டாம்” என்றான். வருஷம் திரும்பினால் தை மாதம். தையில் அந்தப் பக்கம் என்ன மழை இருக்கிறது? அடுத்த ஆனிக்கு யார் யார் வருவார்களோ.

போன சனிக்கிழமை விருதுநகர்ச் சித்தி குடும்பத்தோடு வந்து இறங்கினாள். துட்டி கேட்க வந்தார்களாம். தையில் நடந்த சாவுக்கு ஆனியில், சாரல் ஆரம்பித்த முதல் வாரத்தில். குறை சொல்லக்கூடாது, சித்தி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள். “எம்மா, எத்தன தோச சுட்டுப் போட்ட கையி” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்து, காப்பி குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பழைய குத்தாலத்துல கூட்டம் எப்படி இருக்கு?” என்றாள்.

நமக்கு மலை ஆகாது, அவர்களுக்கு அருவி ஆகும். அருவி என்ன, பள்ளத்திலிருந்தா விழுகிறது? நான் மாவாட்டப் போனேன்.

மத்தியானம் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். சித்தி மகன் தோளில் பட்டாம்பூச்சிப் பை. கதவுக்குப் பின்னால் சும்மாதானே தொங்கியது என்று எடுத்துப் போயிருக்கிறார்கள். உள்ளே நனைந்த ஜட்டி, பனியன், சீயக்காய்ப் பொட்டலம், மூடி திறந்துகொண்ட நல்லெண்ணெய் பாட்டில். பட்டாம்பூச்சியின் மேல் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பிடுங்கி, அத்தனையையும் நடுக்கூடத்தில் கொட்டினேன், மதினி. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இது மதினி மலைக்குக் கொண்டு போகிற பை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. எல்லாரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான்.

அப்போது உங்கள் போன் அடித்தது. அண்ணன் அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவான். உங்கள் பெரியப்பா மகன், கோயம்புத்தூரிலிருந்து.

“அத்தான், பழக்கதோஷத்துல அக்கா நம்பருக்கே போட்டுட்டேன். தண்ணி விழுதா? ஞாயித்துக்கெழம வரலாம்னு பாக்கோம்.”

அண்ணன் கூடத்தில் கிடந்த ஈரத்துணிகளைப் பார்த்தான். என் கையிலிருந்த பையைப் பார்த்தான். மாடித் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“தண்ணி இல்ல மாப்ள” என்றான். “பாறை காஞ்சு கெடக்கு. வராத.”

“என்னமோ சத்தம் கேக்குதே அத்தான்.”

“மிக்சி ஓடுது” என்று சொல்லிப் போனை வைத்தான்.

சித்தி வாயைத் திறந்தவள் மூடவில்லை. அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். “சித்தி, நீங்க அருவிக்குப் போயிட்டு வந்திய. இவ மலைக்குப் போயிட்டு வரட்டும். ராத்திரிக்கு எல்லாரும் பிரானூர் பார்டர் கடையில பரோட்டா தின்னுக்கிடுவோம். இங்கன இனி தோச கெடையாது.” பிறகு என்னிடம் சொன்னான்: “பையத் துவைச்சுப் போடு. காயாட்டாலும் பரவால்ல. அங்கன எப்படியும் நனையத்தானே போவுது.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். எனக்கு வந்தது கோபம். இவ்வளவுதானா, மதினி? தண்ணி இல்லை, வராத. இந்த மூன்று வார்த்தை அவன் வாயில் இத்தனை வருஷமாக இருந்ததா? நீங்கள் தோசைக்கல்லின் முன்னால் நின்ற ஒரு ஆனியில், ஒரே ஒரு ஆனியில், இதைச் சொல்லியிருக்க மாட்டானா? அதை அவனிடம் கேட்கத்தான் கொல்லைப்புறம் போனேன். உங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்காமல் திரும்பிவிட்டேன். கேட்டிருக்க வேண்டுமா?

நாளை மத்தியான ரயில். இதை எழுதும்போது பை மின்விசிறிக்குக் கீழே தொங்குகிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் எண்ணெய் வாடை போகவில்லை. உங்கள் ரப்பர் செருப்பு எனக்குச் சரியாக இருக்கிறது. புறப்படுகிற நேரம் ஸ்டேஷனில் யார் இறங்கினாலும் சரி, அவர்கள் சாமானைத் தொட மாட்டேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அண்ணன் வந்து அறை வாசலில் நின்றான். “அங்கன எறங்கினதும் ஒரு போன் போடு” என்றான். சரி என்றேன். போகாமல் நின்றான். “எனக்குப் போடாண்டாம். அவ நம்பருக்குப் போடு” என்றான்.

போடுவேன், மதினி. குடையை மடக்கிவிட்டு, நடு மழையில் நின்று உங்கள் நம்பருக்குப் போடுவேன். அண்ணன் எடுப்பான். காது கேட்காது அவனுக்கு, நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீர் எப்படி விழுகிறது, எங்கிருந்து விழுகிறது, எத்தனை கிளையில் விழுகிறது என்று நீங்கள் சொல்வது போலவே ஒன்று விடாமல், பொய்யில்லாமல் சொல்வேன்.

பையைத் துவைத்துவிட்ட,
உங்கள் நாத்தனார்
செண்பகம்