ஒதுக்கிவைத்த தட்டு

நிலவு நிலத்தடி நிலையம், செல் அறை

நாள் 1. காலை 6:10
இருப்பவர்கள் மூன்று பேர். செல் அறையில், பாக்கியத்தங்கம் ஆகிய நான். இங்கே சமையல் என் பொறுப்பு. நடைக்கூடத்துக்கு அப்பால் சிகிச்சை அறையில் என் வீட்டுக்காரர் தனசிங்கும் டாக்டர் மேபலும். நேற்று விண்கல் விழுந்து நடைக்கூடத்தில் காற்று போயிற்று. கதவுகள் தாமே பூட்டிக்கொண்டன. அடிபட்டதில் என் வீட்டுக்காரருக்கு இதயத்தசை பாதி செத்துவிட்டது.

செல் வளர்ப்பது அவர் வேலை. உடன் நின்றும் கையேடு வாசித்தும் கற்றிருக்கிறேன். கருவின் மூலச்செல் தட்டுகள் ஏழு. எதுவாகவும் ஆகக்கூடியவை. இதயத்தசையாக்கி, சுவரிலுள்ள அனுப்புகுழாய் வழியே டாக்டருக்குத் தரவேண்டும். ஆறு தட்டுகளில் முதல் மருந்து ஊற்றி ஜெபித்தேன். இந்தக் குறிப்பு தினமும் பூமியிலுள்ள தரைநிலையத்துக்குப் போகிறது.

நாள் 3. காலை 6:00
முதல் மருந்து செல்லுக்குள் சிக்னலை ஏற்றும். இரண்டாவது அதே சிக்னலை அடக்கும். நேரத்துக்கு அடக்கினால்தான் இதயம். ஒலிபெருக்கியில் அவர்: "ஏட்டி தங்கம், இது மீன்கொழம்பு இல்ல. நேரமாச்சுன்னா எறக்கிரணும்."

செல்கள் செழிப்பாகத்தான் இருந்தன. நேரமாகியும், இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று விட்டேன்.

நாள் 5. காலை 7:30
ஆறு தட்டும் போயின. எலும்பாகிற வழியில் போய்விட்டன. இனி எந்த சிக்னலுக்கும் திரும்பி வராது.

"போட்டும். ஒன் கைப்பிடி எங்க?" என்றார். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்குகிற கை இது. ஏழாவது தட்டைத் தொடாமல் வைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடனே ஆரம்பித்தேன்.

நாள் 7. காலை 6:00
நேரத்துக்கு அடக்கினேன். மேபல்: "அக்கா, இங்க காத்து கொறயுது. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க அண்ணன்."

நடைக்கூடத்துக் கதவைத் திறந்தால் மூவருக்கும் உயிர் போகும். தாழ்ப்பாளில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றேன்.

நாள் 12. மாலை
அவர்: "துடிச்சுதா?" இன்னும் இல்லை என்றேன். "ஒரு பொய் சொல்லப்படாதாட்டி?" மேபல் குரல் இன்று கேட்கவில்லை.

நாள் 14
துடிக்கிறது. தட்டு முழுக்க, ஒரே சீராக. சொன்னேன். பதில் இல்லை.

குழாயில் அனுப்பினேன். அந்தப் பக்கம் எடுக்க ஆளில்லாவிட்டால் தானே திரும்பிவிடும்.

திரும்பியது.

மறுபடி அனுப்பினேன். மறுபடி

அதே நாள்
கர்த்தர் கிருபையால் தட்டு உயிரோடிருக்கிறது. ஊட்டத் திரவம் மூன்று நாளைக்கு வரும். இன்னும் எத்தனை தரம் அனுப்பிப் பார்க்கலாம் என்று தரைநிலையத்தார் சீக்கிரம் பதில் தரவும்.