பெரிய திரை உள்ளதையே வாங்குங்கள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். போன தடவை பெல் அடித்து அடித்துத் திரும்பிப் போய்விட்டார்.

கிரிப்டோ காசைப் பூட்டி வைக்க எந்த ஹார்டுவேர் வாலட் கருவியை வாங்குவது என்று மூன்று வாரமாக மதில்மேல் பூனையாக இருக்கிறீர்கள். நேற்று நான் வாயைத் திறந்ததும், "உனக்கு இதெல்லாம் புரியாது, போய்த் தூங்கு" என்றீர்கள். வார்டில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. போய்த் தூங்கிவிட்டேன்.

புரிந்த மட்டும் சொல்கிறேன். காசு அனுப்பும்போது கருவியின் திரையில் வரும் நீளமான முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டுமாம். மருந்து பாட்டில் எழுத்தையே உங்களுக்கு நான்தான் படித்துச் சொல்கிறேன். அந்தக் குட்டித் திரை எதற்கு? விலை கூடினாலும் பெரிய திரை உள்ளதையே வாங்குங்கள். யாரோ வைத்திருந்து விற்கும் பழசு வேண்டாம்.

வெளியே போனால் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுங்கள். நான் வர ஆறு மணி ஆகும்.

பி.கு.: போன் தொலைந்தால் காசை மீட்கும் பன்னிரண்டு சொற்களைச் சீட்டில் எழுதி, மாவு டப்பாவின் அடியில் ஒளித்து வைத்தீர்களே, இந்த வீட்டில் மாவு பிசைவது யார்? பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. அதன் மேலேயே பேனாவால் அழுத்தி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அங்கேயே வைத்துவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்கூட.